ஒன்றரை அங்குலம்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் நிற்கிறது. 1999-இல் பதிவான வண்டி. முன்னால் நான்கு கதவுகள், பின்னால் சாமான் ஏற்றும் தட்டு. மூன்று பேர் ஓட்டி முடித்த பிறகு நான்காவது ஆளாக என் தம்பி அதை வாங்கினான். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறு நிலக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிச் சென்று எடை போடும் இடத்தில் இறக்குவது அவன் பிழைப்பு. இந்த வண்டியை ஒன்றரை அங்குலம் உயர்த்திய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. எங்கள் அனுபவம் அவர்களில் ஒருவருக்காவது பயன்பட்டால் நல்லது.

எங்கள் பூர்வீகம் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பாவும் அம்மாவும் அங்கே பால் வெட்டியவர்கள். எங்கள் வட்டாரத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சிய ஒரு மரத்தை மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டுக் காத்து வருகிறார்கள். எங்கள் தோட்டத்து மரங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. தோட்டம் கைமாறியது; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; லயங்களை இடித்தார்கள். 1994-இல் நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். தோட்டத்தில் இன்று மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். செம்பனைகளுக்கு நடுவே அது தனியாக நிற்கிறது. ஆடி மாதத் திருவிழாவுக்கு ஈப்போ, கிள்ளான், பினாங்கு என்று சிதறிப் போன குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடும்.

கோயில் இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் சாலைக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. தோட்டம் ஒரே கையில் இருந்த காலத்தில் செம்மண் சாலையைச் சமன் செய்ய ஆள் இருந்தது, கால்வாய் வெட்ட ஆள் இருந்தது. பல பேருக்குத் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு, சாலை யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். குலை லாரிகள் உழுத தடத்தில் மழைத் தண்ணீர் ஓடி, சாலைக்குக் குறுக்கே ஓர் ஓடையையே தோண்டிவிட்டது.

போன ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு அந்த ஓடை வரைக்கும்தான் எங்களால் போக முடிந்தது. வண்டியின் மூக்கு எதிர்க்கரையில் இடித்தது. பின்னுக்கு எடுத்தால் வால் மண்ணில் உரசியது. பாரம் சுமந்து சுமந்து பின் ஸ்பிரிங் ஏற்கெனவே தொய்ந்து போயிருந்தது. 82 வயதான அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மிச்சமிருந்த அரை மைலையும் நடந்தே போனார். அம்மாவால் முடியவில்லை. இரண்டு முழங்காலிலும் அவருக்கு வலி. மடியில் பொங்கல் பானையை வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் உறுமிச் சத்தம் கேட்டது.

"இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன், நீங்க போங்கப்பா" என்றார். கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் ஒரு வருஷம்கூட அவர் தீபாராதனையைத் தவறவிட்டதில்லை.

அன்று இரவு வீடு திரும்பியதும் தம்பி சொன்னான்: "அண்ணே, அடுத்த வருஷம் அம்மாவை நான் கோயில் வாசல்லேயே இறக்குவேன். வண்டியைத் தூக்கிடுறேன்."

தூக்குவது என்றால், வண்டியின் உடம்புக்கும் சக்கர அச்சுக்கும் இடையே உள்ள உயரத்தைக் கூட்டுவது. அதற்கென்றே சாமான்கள் தொகுப்பாக விற்பனைக்கு வருகின்றன. விலை உயர்ந்தவை ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். எங்களிடம் அந்த வசதி ஏது? தம்பி நான்கு அங்குலம் என்றான். பெரிய டயர் போட்டு நிமிர்ந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்து வந்த ஆசை அது. எனக்குக் கணக்குதான் பயமாக இருந்தது.

மெங்லெம்புப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஒரு பட்டறைத் தவுக்கே இருக்கிறார். தோட்டத்துக் கடையில் வளர்ந்த சீனர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாலு அங்குலம் கேட்டா எல்லாத்தையும் மாத்தணும். உனக்கு ஒன்றரை போதும்."

பிறகு பொறுமையாக விளக்கினார். முதலில் ஒரு விஷயத்தை நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். எவ்வளவு தூக்கினாலும் உயர்வது வண்டியின் உடம்புதான். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி தொங்கும் பல்சக்கரப் பெட்டி தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அது உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். டயரின் உயரம் இரண்டு அங்குலம் கூடினால்தான் பெட்டி ஓர் அங்குலம் மேலே போகும். ஆகவே லாரித் தடத்தில் நடுமேடு இருந்தால், தூக்கிய வண்டியானாலும் ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டின் மேல் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். எங்கள் தொல்லை மூக்கும் வாலும் இடிப்பது என்பதால், அதற்கு ஒன்றரை அங்குலமே நல்ல மருந்து என்றார்.

எங்கள் வண்டியின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டுகள் ஓடுகின்றன. சக்கரம் மேலே ஏறும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. தண்டின் பின்முனையில் ஒரு போல்ட் உண்டு. அதைத் திருகினால் வண்டியின் முன்பக்கம் உயரும். இதற்குக் காசு செலவே இல்லை. ஆனால் அளவுக்கு மீறித் திருகினால், குழியில் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகள் கோணலாக நின்று, அவற்றின் ரப்பர் உறைகள் கிழியும். வண்டி கல் மாதிரி ஓடும்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அதை உயர்த்தத் தவுக்கே மூன்று வழி சொன்னார். ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் தொங்கு இணைப்பை நீளமாக்கலாம். ஆனால் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், வண்டியும் பக்கவாட்டில் ஆடும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கலாம். ஆனால் ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டை அடுக்கவே கூடாது. மூன்றாவது வழி, கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்ப்பது. தொய்ந்த ஸ்பிரிங்குக்கு அதுதான் ஏற்றது. ஆனால் ஒன்றை மறக்காதே என்றார். பட்டை கூடியதால் பாரத்தைக் கூட்டக் கூடாது. பிரேக்கும் அச்சும் டயரும் பழைய கணக்குக்கே செய்தவை.

முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்துக்கொண்டோம். பதிவான வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் கொடுக்காது. காப்புறுதிக்காரர்களிடமும் சொல்லிவிட வேண்டும். இதை அலட்சியம் செய்தால், விபத்து ஏற்படும் நாளில் எல்லாமே நம் தலையில் விழும்.

பொத்தோங் கடையில் நல்ல நிலையில் இருந்த இரண்டு பட்டைகள் 160 வெள்ளிக்குக் கிடைத்தன. ரப்பர் புஷ்களுக்கு 60 வெள்ளி. ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் நான்கு யூ போல்ட்டுகளுக்கு 80 வெள்ளி. இந்த 80 வெள்ளிக்குத்தான் தம்பி முகம் சுளித்தான். "பழைய போல்ட்டு நல்லாத்தானே இருக்கு?" என்றான். ஒரு முறை முழு இறுக்கம் வாங்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், அதன் மரை தேய்ந்திருக்கும், மறுபடி பழைய பிடிப்பு வராது என்று தவுக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தூக்குற சாமான் பழசா இருக்கலாம். பிடிக்கிற சாமான் புதுசா இருக்கணும்." பிறகு கடைசியாகச் சொன்னார்: "நீங்களே மாட்டுங்க, பரவாயில்லை. ஆனா மாட்டின பிறகு என்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு ஓட்டுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜேக்கை மட்டும் நம்பாமல் சட்டத்துக்கு அடியில் தாங்கிகளை நிறுத்தினோம். முதலில் அளவெடுத்தோம். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுக்கும். ஆகவே சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டோம். அச்சைக் கீழே இறக்கி, ஸ்பிரிங் கட்டை இரண்டு பக்கமும் கவ்வியால் இறுக்கிப் பிடித்து, நடு போல்ட்டைக் கழற்றினோம். கவ்வி இல்லாமல் கழற்றினால் பட்டைகள் சட்டென்று விரிந்து கையைப் பதம் பார்த்துவிடும். புதுப் பட்டையைச் செருகி, புது யூ போல்ட்டுகளை ஒரே பக்கமாக முடுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். புஷ் போல்ட்டுகளை மட்டும், வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே முடுக்கினோம். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புஷ்ஷை எடுத்துக் கையில் உருட்டினார். "இவ்வளவு பெரிய வண்டியை இந்தச் சின்ன ரப்பர் வளையமாடா தாங்குது?" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர்; அது எங்கே போய் என்னவாகிறது என்று அவர் பார்த்தது குறைவு.

முன்பக்கம் இரண்டு போல்ட்டுகளையும் எண்ணிக்கை பார்த்துச் சம அளவில் திருகினோம். ஒன்றரை அங்குலம் வந்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். தம்பி, "இன்னும் நாலு சுத்து சுத்தினா பார்க்க அழகா இருக்கும்ண்ணே" என்றான். அப்போதுதான் அப்பா பேசினார்.

"டேய், நான் காண்டா தூக்கின காலத்துல புல்லு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். வாளி புல்லுல இடிச்சுப் பால் சிந்தும். அதுக்காகக் கயித்தைச் சுருக்கி வாளியை உசத்திக் கட்டுவோம். கொஞ்சமா உசத்தினா நல்லது. புத்திசாலின்னு நெனச்சு ரொம்ப உசத்தினவனை, மலைச் சரிவுல வாளியே தள்ளி விட்டிருக்கு. அவன் விழுந்தான், பாலும் போச்சு, அன்னைக்குக் கூலியும் போச்சு."

தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தான். பாரம் உயர உயர வண்டி சாயப் பார்க்கும் என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். அவனுக்கு அது ஏறவில்லை. அப்பாவின் வாளி ஏறியது.

மறுநாள் 50 வெள்ளி கொடுத்துச் சக்கரங்களின் கோணத்தைச் சரி பார்த்தோம். முன்பக்கம் உயர்ந்தால் சக்கரத்தின் சாய்மானம் மாறும். சரி செய்யாவிட்டால் டயர் ஒரே பக்கம் தேயும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி விளக்குகளையும் சற்றுத் தாழ்த்தினோம். மொத்தச் செலவு 350 வெள்ளி. தம்பிக்கு ஒரே பெருமை. தவுக்கேயிடம் காட்ட வேண்டும் என்பதை இருவருமே மறந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், மறக்கவில்லை. கூலி கேட்பாரோ என்று தள்ளிப் போட்டோம்.

நான்கு நாள் கழித்து நானும் தம்பியும் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சரிவில் இறங்கினோம். முன்னே ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. சந்தியில் அந்த மனிதர் நின்றார். தம்பி பிரேக்கை மிதித்தான். வண்டியின் முன்பக்கம் குனிந்தது. பின்சக்கரங்கள் பிடித்ததாகவே தெரியவில்லை. பாரம் பின்னாலிருந்து எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. தம்பி எழுந்து நின்று மிதித்தான். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது. அந்தக் குழந்தை திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என்ன நடக்க இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். சாலையோரம் வண்டியை நிறுத்தியபோது என் கால்கள் நடுங்கின.

மெதுவாக ஓட்டிக்கொண்டு தவுக்கேயிடமே போனோம். அவர் திட்டவில்லை. பின் அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே இருந்த ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். பாரம் ஏறினால் சட்டம் அச்சை நோக்கித் தாழும்; அந்தக் கம்பி அதை உணர்ந்து பின்சக்கரங்களுக்கு அதிகப் பிரேக் அழுத்தத்தை அனுப்பும். வண்டி காலியாக இருந்தால் குறைவாக அனுப்பும். நாங்கள் சட்டத்தை ஒன்றரை அங்குலம் தூக்கியதும், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி கிட்டத்தட்டக் காலி என்றே அந்தக் கம்பி நினைத்துக்கொண்டது. அச்சில் மாட்டியிருந்த அதன் முனையை, வண்டி உயர்ந்த அளவுக்கே உயர்த்தி, ஓர் இரும்புத் துண்டு வைத்துப் பொருத்தினார். பிரேக் எண்ணெய்க் குழாய், சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போதும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குலைகளோடு ஓட்டிச் சோதித்தார். வண்டி நின்ற இடத்தில் நின்றது. கூலி 40 வெள்ளி.

அந்த 40 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் நாங்கள் எதை இழக்க இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும் என்றார். தம்பி அந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்தான்.

ஆடித் திருவிழா வந்தது. பட்டுப்புடவை கட்டி, பொங்கல் பானையோடு அம்மா வாசலுக்கு வந்தார். தம்பி பெருமையாகக் கதவைத் திறந்தான். அம்மா ஒரு காலைத் தூக்கினார், எட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். முழங்கால் மடங்கவில்லை. முன்பே அவர் சிரமப்பட்டுத்தான் ஏறுவார். இப்போது ஒன்றரை அங்குலம் கூடிவிட்டது. நாங்கள் மூன்று மாதமாக மூக்கை அளந்தோம், வாலை அளந்தோம். யாருக்காக இதைச் செய்தோமோ அவருடைய காலை அளக்கவில்லை.

தம்பியின் முகம் வாடியது. அம்மாவோ சிரித்தார். "ஏண்டா மூஞ்சியத் தொங்கப் போடற? தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில கல்லுமலைக்குப் போவோமே, அது இதைவிட உயரம். எப்படி ஏறினேன்? உங்கப்பா வாங்கு கொண்டாந்து போடுவாரு."

அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழைய மர வாங்கு, சின்னது, குளியலறைப் பக்கம் கிடந்தது. அதைத் தடியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து கதவுக்குக் கீழே போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அம்மா அதைப் பிடித்து ஏறினார்.

அன்று அந்த ஓடையைத் தம்பி மெதுவாக, கோணலாக இறக்கி ஏற்றினான். மூக்கு இடிக்கவில்லை, வால் உரசவில்லை. கோயில் வாசலில் வண்டி நின்றதும், பின் தட்டில் கட்டி வைத்திருந்த வாங்கை நான் இறக்கிப் போட்டேன். அம்மா இறங்கி, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். தீபாராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது.

வண்டியைத் தூக்க நினைக்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் தூக்காதீர்கள். தூக்குவதில் சிக்கனம் பாருங்கள். பிடிப்பதிலும் நிறுத்துவதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். விஷயம் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு ஓட்டுங்கள். ஆரம்பிக்கும் முன்பே, அந்த வண்டியில் ஏறப் போகும் வயதானவர்களின் காலையும் அளந்துகொள்ளுங்கள்.

தம்பி இப்போது கதவுக்குக் கீழே இரும்புக் குழாயில் ஒரு படி பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார். வாங்கே போதுமாம்.